மலையேறும் துவிச்சக்கர வண்டி: கொலம்பிய விவசாயிகள் சொல்லும் பாடம்

துவிச்சக்கர வண்டியைப் பற்றி எமது வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. தோட்டத்து வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுபோனதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனதும், ஊரை விட்டு வெளியேறிய நாளில் அரிசிப் பையையும் பாயையும் சுமந்துகொண்டு கூடவே வந்ததும் அதுதான். பெற்றோல் இல்லாத காலத்திலும் அது நின்றுவிடவில்லை. ஏழை விவசாயியின் கையில் உள்ள வாகனம் என்றால் அதுவே.

நாம் பெரும்பாலும் சமநிலத்தில் சைக்கிள் உழக்கிப் பழகியவர்கள். ஆனால் இதே துவிச்சக்கர வண்டியை மூன்றரைக் கிலோ மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்துக்கு உழக்கிக்கொண்டு போகும் விவசாய மக்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டினர். உருளைக்கிழங்குத் தோட்டத்திலும் பூந்தோட்டத்திலும் வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள் ஐரோப்பாவின் பெரிய மலைப் போட்டிகளில் முதலிடம் பெற்றிருக்கிறார்கள். அதே நாட்டில்தான், உள்நாட்டுப் போரினால் எண்பது இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் 1985 முதல் இடம்பெயர்ந்தவர்களாக அரச பதிவேட்டில் பதியப்பட்டுள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கிராமத்து மக்கள். ஆகவே இந்த மலைப் பாதைகளின் கதையை வெறும் விளையாட்டுச் செய்தியாக நாம் பார்க்கவில்லை.

மூன்று மலைத்தொடர்கள்

தென்னமெரிக்காவின் மேற்கு விளிம்பு நெடுகச் செல்லும் அந்தீஸ் மலை, கொலம்பியாவுக்குள் நுழைந்ததும் மூன்றாகப் பிரிகிறது. மேற்கு, நடு, கிழக்கு என மூன்று தொடர்கள். நடுவே கௌக்கா, மக்தலேனா என்ற இரு பெரிய ஆறுகள் வடக்கு நோக்கி ஓடுகின்றன. தலைநகரான பொகோட்டா கிழக்குத் தொடரில் சுமார் 2,600 மீற்றர் உயரத்தில் உள்ளது. எமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சி 2,524 மீற்றர். அதாவது, எமது மலையுச்சியிலும் உயரமான இடத்தில் அங்கே ஒரு பெரிய தலைநகரமே இருக்கிறது.

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அங்கே கோடை, குளிர் என்ற பருவ வேறுபாடு பெரிதாக இல்லை. காலநிலையைத் தீர்மானிப்பது மாதமல்ல, உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். எனவே அங்குள்ள விவசாயிகள் நிலத்தை உயரத்தை வைத்தே பெயரிட்டு அழைக்கிறார்கள். ஆயிரம் மீற்றர் வரை சூட்டு நிலம். அதற்கு மேல் இரண்டாயிரம் வரை மித நிலம். அதற்கும் மேலே மூவாயிரம் வரை குளிர் நிலம். மூவாயிரத்துக்கு அப்பால் 'பாராமோ' எனப்படும் பனிமூட்டப் புல்வெளி. எந்த நிலத்தில் எந்தப் பயிர் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும்.

லெத்ராஸ் ஏற்றம்

இந்த நான்கு நிலங்களையும் ஒரே நாளில் பார்க்க விரும்புபவருக்கு ஒரு பாதை உண்டு. மக்தலேனா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றரில் உள்ள மரிகீட்டா என்ற சிறு நகரில் அது தொடங்குகிறது. நடு மலைத்தொடரில் 3,670 மீற்றருக்குச் சற்று மேலே உள்ள லெத்ராஸ் கணவாயில் ஏற்றம் முடிகிறது. தூரம் சுமார் 80 கிலோ மீற்றர். தார் போட்ட வீதியில் சைக்கிளில் ஏறக்கூடிய ஏற்றங்களில் உலகிலேயே மிக நீண்டவற்றுள் ஒன்றாக இதைச் சொல்வார்கள். நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கும் பல மணித்தியாலம் பிடிக்கும். இடையில் சிறு இறக்கங்கள் வந்தாலும், இறங்கியதை மறுபடி ஏறித்தான் தீர வேண்டும்.

தொடக்கத்தில் வியர்வை வழியும் வெக்கை. வீதியோரம் மாமரம், வெண்ணெய்ப்பழ மரம், மங்குஸ்தான் தோட்டம். ஏற ஏறக் கோப்பிச் செடிகளும் வாழையும் தொடங்குகின்றன. பிரெஸ்னோ என்ற ஊர் இந்தக் கோப்பி நிலத்தின் நடுவே உள்ளது. அதையும் தாண்டினால் கோப்பி மறைந்து பசும்புல்லும் பால்மாடுகளும் உருளைக்கிழங்கும் வரும். உச்சியை நெருங்கும்போது மரங்களே இல்லை. பனிமூட்டத்துக்குள் 'பிரைலெஹோன்' என்ற செடிகள் மட்டும் நிற்கும். ஸ்பானிய மொழியில் இதற்குப் 'பெரிய துறவி' என்று பொருள். மூட்டத்துக்குள் பார்த்தால் அங்கி அணிந்த துறவிகள் வரிசையாக நிற்பதுபோல் தோன்றுவதால் அந்தப் பெயர். இச்செடி ஓர் ஆண்டில் ஏறக்குறைய ஒரு சென்ரி மீற்றரே வளரும். மூட்டத்திலுள்ள நீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கி, கீழேயுள்ள ஊர்களுக்கு ஆறாக அனுப்புவதில் இந்தப் பாராமோ நிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மேலே அதை உழுதுவிட்டால் கீழே கிணறும் வாய்க்காலும் வற்றும் என்பதை அம்மக்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

கணவாயின் மறுபக்கம் இறங்கினால் மனிசாலெஸ் நகரம். முன்னர் இந்த மலையைக் கடந்து கோப்பி மூட்டைகளைச் சுமந்தவை கோவேறு கழுதைகள். 1922 இல் மனிசாலெஸிலிருந்து மரிகீட்டா வரை சுமார் 72 கிலோ மீற்றர் நீளத்துக்குக் கம்பி வடத்தில் தொங்கிச் செல்லும் சுமைப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. விவசாயியின் விளைச்சல் மலையைத் தாண்ட வேண்டும் என்ற தேவையே அங்கு பாதைகளைப் பிறப்பித்தது. துவிச்சக்கர வண்டி அதற்குப் பின்னால் வந்தது.

இப்பாதையின் அடியில் ஒரு துயரமும் உண்டு. லெத்ராஸ் கணவாய்க்கு அருகே உள்ள நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1985 நவம்பர் 13 ஆம் நாள் வெடித்தது. உச்சியிலிருந்த பனி உருகிச் சேறாகப் பாய்ந்து, மரிகீட்டாவுக்குத் தெற்கேயிருந்த ஆர்மேரோ என்ற விவசாய நகரை ஒரே இரவில் மூடியது. அங்கு மட்டும் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். ஆபத்தைக் காட்டும் வரைபடம் ஏற்கெனவே தயாரிக்கப்பட்டிருந்தும் மக்கள் உரிய நேரத்தில் வெளியேற்றப்படவில்லை. தப்பியவர்கள் அயலிலுள்ள குவாயபால், லெரிடா ஆகிய ஊர்களிலும் வேறு இடங்களிலும் குடியமர்ந்தனர். 1986 யூலையில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அந்தச் சேற்று நிலத்துக்கு வந்து முழந்தாளிட்டுச் செபித்தார்.

பாதையை நிரூபித்தவர்

1950 இல், நாட்டைச் சுற்றிவரும் சைக்கிள் போட்டி ஒன்றை நடத்தலாமா என்ற பேச்சு பொகோட்டாவில் எழுந்தது. அக்காலத்தில் மலைவீதிகள் பெரும்பாலும் கல்லும் சேறும்தான். லொறிகளே புதைந்து நிற்கும் வழியில் சைக்கிள் போகுமா என்று பலர் சிரித்தனர். சிபாகிரா என்ற உப்புச் சுரங்க ஊரைச் சேர்ந்த எப்ராயின் போரேரோ என்ற இளைஞர் லெத்ராஸ் மலையைச் சைக்கிளில் கடந்து, போகும் என்று செய்தே காட்டினார். மறுஆண்டு, 1951 சனவரியில், முதலாவது கொலம்பியச் சுற்றுப் போட்டி நடந்தது. வென்றவரும் அவரே.

நாட்டில் அது மிகக் கொடிய காலம். 1948 இல் தொடங்கிய கட்சிக் கலவரம் கிராமம் கிராமமாகப் பரவிப் பத்தாண்டு நீடித்தது. இரண்டு இலட்சம் பேர் வரை கொல்லப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். அடுத்த மாவட்டத்துக்குப் போகவே மக்கள் அஞ்சிய நாட்களில், சேறு பூசிய சைக்கிள்காரர்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் சென்றார்கள். எந்தக் கட்சிக்காரராயினும் வீதியோரம் நின்று தண்ணீர் கொடுத்தார்கள். கலவரம் அதனால் நின்றுவிடவில்லை. ஆயினும் தமது நாட்டின் மலைகளும் ஊர்களும் ஒன்றோடொன்று தொடுத்தவை என்பதைப் பலரும் முதன்முதலாக உணர்ந்தது வானொலியில் அந்தப் போட்டியைக் கேட்டுத்தான்.

வண்டுகள்

மலையேறும் கொலம்பியச் சைக்கிள்காரரை அந்நாட்டார் 'எஸ்கரபாகோ' என்பார்கள். வண்டு என்று பொருள். முதலில் இந்தப் பட்டம் பெற்றவர் ரமோன் ஓயோஸ். சுற்றுப் போட்டியை 1953 முதல் 1956 வரை தொடர்ந்தும், 1958 இலும் என ஐந்து தடவை வென்றவர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்சியா மார்க்கேஸ், 1955 இல் பத்திரிகையாளராக இருந்தபோது ஓயோஸின் வாழ்க்கையைத் தொடராக எழுதினார்.

அடுத்த தலைமுறையில் 'கொச்சிசே' என்று அழைக்கப்பட்ட மார்ட்டின் எமிலியோ றொட்றிகெஸ் 1971 இல் உலக வெற்றிவீரரானார். 1980களில் லூயிஸ் ஹெரேரா வந்தார். பூசாகாசுகா ஊரில் பூந்தோட்ட வேலை செய்தவர் என்பதால் 'குட்டித் தோட்டக்காரர்' என்பது அவருடைய பட்டப்பெயர். 1984 இல் பிரான்ஸ் சுற்றுப் போட்டியில், அல்ப்ஸ் மலையின் புகழ்பெற்ற அல்ப் துவேஸ் ஏற்றத்தில் அவர் முதலாவதாக வந்தார். 21 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட, 13.8 கிலோ மீற்றர் நீளமான ஏற்றம் அது. அப்போட்டியில் ஒருநாள் கட்டத்தை வென்ற முதலாவது கொலம்பியர் அவரே. சம்பளம் பெறாத பயில்நிலை வீரராக இருந்துகொண்டே ஐரோப்பியத் தொழில்முறை வீரர்களை அவர் முந்தினார். 1987 இல் ஸ்பெயின் சுற்றுப் போட்டி முழுவதையும் வென்றார்.

2014 இல் நைரோ கின்டானா இத்தாலிச் சுற்றையும் 2016 இல் ஸ்பெயின் சுற்றையும் வென்றார். 2019 இல் ஏகன் பெர்னால், தமது 22 ஆவது வயதில், பிரான்ஸ் சுற்றை வென்ற முதலாவது இலத்தீன் அமெரிக்கரானார். பெர்னால் வளர்ந்ததும் போரேரோவின் சிபாகிராவில்தான். தாயார் பூந்தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். தந்தையார் காவலாளி.

ஏன் விவசாயப் பிள்ளைகள்?

இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, காற்று. உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. லெத்ராஸ் உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மலையில் வாழ்பவரின் உடல் அதற்கேற்ப இரத்தத்தில் செங்கலங்களைப் பெருக்கிக்கொள்கிறது. தாழ்நிலத்தார் மூச்சுத் திணறும் இடத்தில் மலைவாசி இயல்பாக வேலை செய்வது இதனால்தான்.

இரண்டாவது, தேவை. பொயாக்கா மாவட்டத்தில் கோம்பிட்டா என்ற ஊரின் மலைச்சரிவில் கின்டானாவின் குடும்பம் இருந்தது. மரக்கறி, பழம் விற்றுப் பிழைத்த குடும்பம். பள்ளிக்கூடம் சுமார் 16 கிலோ மீற்றர் தொலைவில், ஆர்காபுக்கோ என்ற ஊரில். பஸ்ஸுக்குப் பணம் கட்டுவது கடினம். தந்தையார் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். புத்தகப் பையோடும் பசியோடும் ஒவ்வொரு மாலையும் அந்த ஏற்றத்தை ஏறிய பிள்ளை, தான் பயிற்சி செய்வதாக ஒருபோதும் நினைத்திருக்காது.

மூன்றாவது, உணவு. கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கட்டிச் சர்க்கரையை அங்கே 'பனேலா' என்பர். அதைச் சுடுநீரில் கரைத்துக் குடிப்பது கிராமத்து வழக்கம். எமது வீடுகளில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பதை இது நினைவூட்டும். கொலம்பிய வீரர்கள் நெடுங்காலம் போத்தலில் நிரப்பிச் சென்றதும் இந்தச் சர்க்கரைத் தண்ணீரையே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், மரிகீட்டாவிலிருந்து லெத்ராஸ் வரை அந்தப் பாரத்தை உயர்த்துவதற்கு மட்டும் உடல் ஏறத்தாழ 2,200 கலோரி செலவழிக்க வேண்டும். அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட கட்டிச் சர்க்கரையின் சக்தி இது. கரியரில் பத்துக் கிலோ ஏற்றினால் இந்தச் செலவு ஏழில் ஒரு பங்கு அளவில் கூடும். வெறும் வயிற்றோடு பாரம் ஏற்றி மிதிப்பவருக்குத் தலை சுற்றுவது ஏன் என்பதற்கும் இதுவே விளக்கம்.

ஏறும் முறை

மலையேறுவோரின் அனுபவத்தில் எமக்கும் பயன்படக்கூடியவை சில உண்டு.

சரிவை அவர்கள் நூற்றுக்கு இத்தனை என்று அளப்பார்கள். நூறு மீற்றர் போகும்போது நாலு மீற்றர் உயர்ந்தால் நூற்றுக்கு நாலு. லெத்ராஸ் ஏற்றத்தின் சராசரி இதுவே. அல்ப் துவேஸில் நூற்றுக்கு எட்டு. எண் சிறிதாகத் தெரிந்தாலும், சாதாரண ஒற்றைக் கியர் சைக்கிளில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினாலே தொடர்ந்து மிதிப்பது கடினம்.

எமது சாதாரண சைக்கிளில் பெடல் ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்து மீற்றர் நகரும். மலைக்கென அமைந்த கியரில், முன்னால் சிறிய பற்சில்லும் பின்னால் பெரிய பற்சில்லும் இருப்பதால், ஒரு சுற்றுக்கு இரண்டரை மீற்றர்தான் நகரும். ஏற வேண்டிய உயரத்தில் எவ்விதக் குறைவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மிதியிலும் காலுக்கு வரும் பாரம் பாதியாகிறது. இரட்டிப்புத் தடவை மிதிக்க வேண்டும், அவ்வளவே. பெரிய பாரத்தைச் சிறு சுமைகளாகப் பிரித்துப் பல நடை நடந்து கொண்டு சேர்ப்பதைப் போன்றது இது. பாரம் ஏற்றுபவர்கள் பின்சில்லில் ஓரிரு பல் கூடிய பற்சில்லைப் பூட்டினால் முழங்காலுக்கு நல்லது.

அவர்கள் பின்பற்றும் வேறு விதிகளும் உண்டு. தொடக்கத்தில் வேகம் காட்டாமல், பேசிக்கொண்டு போகக்கூடிய அளவிலேயே மிதிப்பார்கள். பசிக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகச் சாப்பிடுவார்கள். தாகம் எடுக்கும் முன்பே குடிப்பார்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி இருக்கையை உயர்த்திக்கொள்வார்கள். எமது பிள்ளைகள் தந்தையின் சைக்கிளையும், பெரியவர்கள் பிள்ளையின் சைக்கிளையும் ஓட்டும்போது இதைக் கவனிப்பதில்லை. முழங்கால் வலிக்கு இது ஒரு முக்கிய காரணம்.

இறக்கமே ஆபத்தானது. பிரேக்கை இடைவிடாது பிடித்தபடி நீண்ட இறக்கத்தில் வந்தால் சில்லு சூடேறி ரியூப் வெடிக்கலாம். முன்னும் பின்னுமாக இரு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. பாரத்துடன் வருபவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது வெட்கம் அல்ல.

பங்குத் தந்தையும் வானொலியும்

பொயாக்கா மாவட்டத்தைப் பற்றிப் பேசும்போது எமது பணிக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1947 இல் சுத்தாத்தென்சா என்ற சிறிய மலையூருக்கு யோசே யோக்கின் சல்செடோ என்ற இளம் குருவானவர் பணிக்கு வந்தார். மக்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை இல்லை. வீடுகள் மலைச்சரிவெங்கும் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆசிரியரை அனுப்ப முடியாது என்பதால் குரலை அனுப்ப அவர் தீர்மானித்தார். சிறிய ஒலிபரப்புக் கருவி ஒன்றுடன் வானொலிப் பள்ளி தொடங்கியது. அயல் வீட்டார் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி இருப்பார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். எழுத்து, கணக்கு, சுகாதாரம், மண் பாதுகாப்பு, பயிர்ச்செய்கை, ஆன்மீகம் என எல்லாம் கற்பிக்கப்பட்டன. 1958 இல் விவசாயிகளுக்கென வாரப் பத்திரிகையும் வந்தது. இலத்தீன் அமெரிக்காவின் வேறு நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின. பணமுடையினாலும் வேறு நெருக்கடிகளாலும் 1989 இல் அந்த வானொலி மூடப்பட்டது.

மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட எமது மக்களுக்கு, ஒரு குரல் எவ்வளவு பெறுமதியானது என்று விளக்கத் தேவையில்லை. கொலம்பிய விவசாயி பயிர் விலையையும் பாடத்தையும் சைக்கிள் போட்டியையும் அறிந்துகொண்டது வானொலிப் பெட்டியிலிருந்துதான்.

இடம்பெயர்ந்தோரின் பாதை

வெற்றிகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது உண்மையாகாது. கெரில்லாக்கள், துணைப்படைகள், இராணுவம், போதைப்பொருள் கும்பல்கள் என்று பல ஆயுதங்களுக்கு நடுவே இந்த மலைவாழ் மக்கள் அகப்பட்டார்கள். சைக்கிள் வீரர்களும் விதிவிலக்கல்ல. ஹெரேராவை 2000 ஆம் ஆண்டு ஆயுததாரிகள் கடத்திச் சென்று மறுநாள் விடுவித்தனர். அந்தியோக்கியா மாவட்டத்தின் உர்ராவோ ஊரைச் சேர்ந்த றிகோபெர்ட்டோ உரானின் தந்தையார், 2001 இல் சைக்கிளில் சென்றபோது துணைப்படையினரால் கொல்லப்பட்டார். அப்போது மகனுக்கு 14 வயது. தந்தை விற்ற அதிட்டலாபச் சீட்டுகளைத் தானே விற்றுக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு, அதனிடையே பயிற்சியையும் விடாமல் தொடர்ந்தார். 2012 இல் லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2017 இல் பிரான்ஸ் சுற்றில் இரண்டாமிடம் பெற்றார்.

இத்தனை மக்கள் இடம்பெயர்ந்திருக்கிறார்கள் என்பதை முதலில் நாடு தழுவிய அளவில் எண்ணிச் சொன்னது திருச்சபைதான். 1985 முதல் 1994 வரை சுமார் 586,000 பேர் இடம்பெயர்ந்ததாகக் கொலம்பிய ஆயர் பேரவை 1995 இல் ஆய்வு வெளியிட்டது. பங்குகள்தோறும் விசாரித்துத் திரட்டிய கணக்கு அது. எண்ணப்படாதவருக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. எண்ணிய பின்னரே, 1997 இல், இடம்பெயர்ந்தோருக்கான தனிச் சட்டம் வந்தது.

2011 இல் வந்த மற்றொரு சட்டம் காணியை மீளக் கொடுப்பது பற்றியது. அதில் மூன்று விடயங்களை எமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, காணி வழக்குகளுக்கெனத் தனி நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். இரண்டு, இடம்பெயர்ந்தவர் தனக்கும் அக்காணிக்கும் உள்ள தொடர்பையும் வெளியேறிய காரணத்தையும் காட்டினால் போதும். அக்காணியை நேர்மையாகப் பெற்றதாக நிரூபிக்க வேண்டிய பொறுப்பு எதிர்த்தரப்பாருடையது. மூன்று, கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த காணியாயின் உரித்து இருவர் பெயரிலும் எழுதப்படும். கணவனை இழந்த எத்தனையோ பெண்களுக்குப் பெயரில்லாத காணியே பெரும் தடையாக இருந்ததால் இது முக்கியமானது.

சட்டம் எழுதியதும் எல்லாம் நடந்துவிடவில்லை. பத்தாண்டுக்கென வகுத்த சட்டத்தை 2031 வரை நீடிக்க வேண்டியதாயிற்று. காணி கேட்டுச் சென்றவர்கள் அச்சுறுத்தப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். 2016 இல் அரசும் மிகப் பெரிய கெரில்லா அமைப்பும் சமாதான உடன்படிக்கை செய்த பின்னரும் வேறு ஆயுதக் குழுக்கள் தொடர்ந்தன. 2025 சனவரியில் வடகிழக்கிலுள்ள கத்தாதும்போ பகுதியில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில வாரங்களுக்குள் இடம்பெயர்ந்தார்கள். இந்த ஏற்றம் இன்னும் முடியவில்லை.

வீதியோரத்து உருளைக்கிழங்கு

வீரர்களின் புகழ் விவசாயியின் சட்டியை நிரப்பியதா? இல்லை என்றே சொல்ல வேண்டும். 2013 ஓகஸ்ட்டில் பொயாக்கா முதலிய மாவட்டங்களின் உருளைக்கிழங்கு, பால், கோப்பி உற்பத்தியாளர்கள் வீதிகளை மறித்துப் போராடினார்கள். உரத்தின் விலை ஏறியது. இறக்குமதி மலிந்தது. சொந்த விதையைச் சேமித்து விதைப்பதைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்றும் இருந்தது. அவ்வாண்டுதான் பிரான்ஸ் சுற்றில் இரண்டாமிடம் பெற்றிருந்த கின்டானா, தாமும் விவசாயி மகன் என்று கூறி அவர்களுக்காகப் பகிரங்கமாகப் பேசினார். போராட்டத்தின் பின் அந்த விதை விதி நிறுத்திவைக்கப்பட்டது.

2020 நவம்பரில், பெருந்தொற்றினால் உணவுச்சாலைகள் மூடியிருந்தபோது, உருளைக்கிழங்கின் விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே போயிற்று. பொயாக்கா விவசாயிகள் மூட்டைகளைப் பிரதான வீதிகளில் அடுக்கிவைத்துத் தாமே விற்றார்கள். நகரத்தார் வாகனங்களை நிறுத்தி வாங்கிச் சென்றார்கள். வீரர்கள் பயிற்சிக்குப் போகும் அதே வீதிகள்தாம் அவை. நல்ல வீதி இருந்தால் மட்டும் போதாது. அதில் போகும் பொருளுக்கு விலை சொல்லும் பலமும் விவசாயிக்கு வேண்டும். தனித்தனியே நின்றவனுக்கு அந்தப் பலம் கிடைப்பதில்லை.

எமக்கு உரியது

இந்த மலைப் பாதைகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை எவை?

முதலில், பிள்ளையின் பள்ளிப் பாதை. கின்டானாவின் தந்தையார் வாங்கியது போட்டிச் சைக்கிள் அல்ல, பள்ளிக்கூடம் போகும் சைக்கிள். முகாமிலோ மீள்குடியேறிய கிராமத்திலோ உள்ள குடும்பம் தன் முதல் சேமிப்பை எதில் போடுவது என்று யோசிக்கும்போது, பெண்பிள்ளைக்கும் சேர்த்து ஒரு நல்ல பழைய சைக்கிள் என்பது வீண் செலவல்ல. மாதர் சங்கங்களும் சிக்கனக் குழுக்களும் இதற்கென ஒரு சிறு கடன் வைக்கலாம்.

அடுத்தது, காணியின் நினைவு. கொலம்பியாவில் காணி கேட்டு வென்றவர்களில் பலரிடம் முழு ஆவணம் இருக்கவில்லை. ஊரவர்கள் கூடியிருந்து வரைந்த வரைபடங்களும் அயலாரின் சாட்சியமும் அவர்களுக்குக் கைகொடுத்தன. எமது குடும்பங்களும் இன்றே செய்யலாம். உறுதி, அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு எது இருந்தாலும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். இல்லாதவர்கள் ஒரு கொப்பித் தாளில் தமது காணியை வரையுங்கள். நான்கு எல்லையிலும் யார் யார், கிணறு எங்கே, எந்த மூலையில் என்ன மரம், எந்த ஆண்டு யாரிடம் பெற்றது என்று எழுதுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதுங்கள். அயலார் இருவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். மனைவியின் பெயரையும் எழுத மறக்க வேண்டாம்.

மூன்றாவது, கூடிப் போவது. நீண்ட ஏற்றத்தில் ஒருவர் முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர்கள் பின்னால் வருவார்கள். களைத்ததும் அவர் பின்னால் போக, இன்னொருவர் முன்னால் வருவார். சந்தைக்குப் பொருள் கொண்டுபோவதிலும், கச்சேரிக்கு மனுவோடு போவதிலும் இதே முறை பொருந்தும். ஒவ்வொரு முறையும் ஒருவரே முன்னால் நின்றால் அவர் விழுந்துவிடுவார். எவரும் முன்னால் வராவிட்டால் யாருமே உச்சிக்குப் போகமாட்டார்கள்.

லெத்ராஸ் மலையில் ஏறுபவர்கள் உச்சியை அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பதில்லை. பெரும்பாலும் அது மூட்டத்துக்குள் மறைந்திருக்கும். அடுத்த வளைவு வரை மிதிப்பார்கள். அங்கே போத்தலைத் திறந்து ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் குடிப்பார்கள். பின்பு அதற்கடுத்த வளைவைப் பார்ப்பார்கள்.